கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரிந்தும் இரண்டு வருடமாக மாதத்துக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதத்தோடு அதையும் விட்டுவிட்டேன். கடிதமானால் கிழித்துப் போடுவதற்கு முன்னால் நாலு வரியாவது படிப்பாய் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

நீ பேசாமல் போனதற்கு நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். உலகத்தில் போய்ப் பார்க்க வேண்டிய நூறு மரங்களையும் தோட்டங்களையும் பற்றி அவ்வளவு பெரிய புத்தகம் போட்டவன், நன்றி சொல்லும் பக்கத்தில் உன்னைச் சேர்க்க மறந்துவிட்டேன். பதிப்பாளர் வீட்டு நாய்க்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறேன். முப்பது வருடமாக மண்ணிலேயே கிடக்கும் சொந்த அக்காவை விட்டுவிட்டேன். அந்தக் கோபம்தான், ஆறட்டும் என்று இருந்தேன்.

போன வாரம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூட டீச்சர். என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ வேலை பார்க்கும் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். நூறாவது மரமாக நான் எழுதிய உங்கள் பெரியம்மாவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 'நீங்கள் எழுதிய மரம் இதுதானா, இல்லை நான் வேறு எதையாவது பார்த்துவிட்டேனா' என்று ஒரு கேள்வி. பலகையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், அதனால்தான் தோட்டத்தில் எல்லோரும் பெரியம்மா என்கிறோம் என்று நீ சொல்லிச் சிரித்த அதே பலகை படத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்க, பெரியம்மாவின் உச்சி மட்டும் மொட்டையாக இருக்கிறது.

என் ஒரு பக்கத்தால்தான் இப்படி ஆனதா? வயதான மரம், நோய் நொடி ஏதாவது வந்திருக்கலாம் இல்லையா? இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறேன். என்ன நடந்தது என்று மட்டும் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 15

டேய் அளப்பு,

வீட்டில் உனக்கு இந்தப் பேர் சும்மா வைக்கவில்லை. நன்றிப் பக்கமாம். உன் நன்றியைக் கொண்டுபோய் உரக்குழியில் போடு, அங்கேயாவது மக்கும்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் புத்தகத்தின் 212-ஆம் பக்கத்தைக் கிழித்து இங்கே கருவிக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தினம் மண்வெட்டி எடுக்கப் போகும்போது என் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அல்ல, ஆனால் படுகிறது. எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. 'வழியில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போங்கள். தண்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கொஞ்சம் பொறுத்திருங்கள். வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும். நான் கேட்டிருக்கிறேன்.'

அந்தக் கயிறு எதற்கு என்று யோசித்தாயா? பெரியம்மாவுக்கு வேர் ஆழத்தில் இல்லை. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே, சுற்றிலும் இருபதடிக்குப் பாய் விரித்த மாதிரி ஓடுகிறது. அந்த மண்ணில் விரலை விட்டால் முன்பெல்லாம் இரண்டாவது கணு வரைக்கும் இறங்கும். புத்தகம் வந்த மறு மாதத்திலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் இருநூறு பேர், முந்நூறு பேர். எல்லோர் கையிலும் நீ. வேலி போடக் கம்பம் நட்டால் குழி தோண்டும்போது வேர் அறும். காவலாளியை நிறுத்தினோம். ஒருத்தரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் நாலு பேர் தாண்டினார்கள். மூன்று வருடத்தில் அந்த மண் சிமெண்டுத் தரை ஆகிவிட்டது. இப்போது கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பி வருகிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்று வழிந்து ஓடிவிடுகிறது. வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது.

தண்டில் காது உயரத்துக்குப் பட்டை தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. அதற்குக் கீழே, குழந்தைகள் உயரத்துக்கு, இன்னொரு வழுவழுப்பு.

போன வருடம் விசாரணை வைத்தார்கள். இத்தனை வருடம் ஒரு ஆள் தாண்டாத கயிற்றை ஊரே தாண்டியது எப்படி என்று தலைமைத் தோட்டக்காரியைத்தானே கேட்பார்கள். எழுதியவன் என் தம்பி, எல்லாம் அவன் இட்டுக்கட்டியது என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். அந்த அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பக்கத்தை எடுத்துவிடுகிறாயாம். விற்ற புத்தகத்திலிருந்து எப்படி எடுப்பாய்? வீடு வீடாகப் போவாயா? போன் பண்ணாதே. உன் குரல் கேட்டால் கத்திவிடுவேன்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். நோய் நொடி என்று எழுதினேனே, அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நூறில் நான் நேரில் பார்த்தது அறுபத்து மூன்று. மிச்சமெல்லாம் போட்டோவைப் பார்த்தும், போய் வந்தவர்களின் வாயைப் பிடுங்கியும் எழுதியது. விஷச் செடிகளை மட்டும் வளர்த்துக் கதவைப் பூட்டி வைத்திருக்கும் தோட்டம் ஒன்றைப் பற்றி, அந்தப் பூவின் வாசனையில் தலை சுற்றியது என்று வாய் கூசாமல் எழுதினேனே, அந்த நாட்டுக்கே நான் போனதில்லை.

பார்த்ததிலாவது ஏதாவது கற்றுக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. பாசி மட்டுமே வளரும் தோட்டம் ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டால்தான் உள்ளே விடுவார்கள். போனதும் ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்துத் தூரிகையால் மந்திரம் எழுதச் சொல்வார்கள். ஆள் அவசரம் அடங்கிய பிறகுதான் பாசியைக் காட்டுவார்கள். அதைக் கெடுபிடி என்று எழுதினேன். ஒரே மரம் விழுது விட்டு விட்டுக் காடாகிவிட்ட இடத்தில், வேரை மிதிக்காமல் இருக்க மரப்பலகையில் பாலம் மாதிரி நடைபாதை கட்டியிருந்தார்கள். படம் எடுக்க இடைஞ்சல் என்று எழுதினேன். உலகத்திலேயே வயதான மரங்களில் ஒன்று ஒரு மலையில் நிற்கிறது. எது என்று பலகை கிடையாது, வேலி கிடையாது. எந்த மரம் என்று அங்கே காவலுக்கு இருந்த பெண்ணைக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, 'இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, எல்லாத்தையும் நல்லாப் பாருங்க' என்றாள். ஒரு நாள் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன். போன இடமெல்லாம் யாரோ ஒருவர் எனக்கு ஒரு கயிற்றைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தொண்ணூற்றொன்பது எழுதி முடித்திருந்தேன். நூறு இல்லாமல் அட்டை போடமாட்டேன் என்றார் பதிப்பாளர். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், அரை மணி நேரத்தில் பெரியம்மாவை எழுதிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்தாகிவிட்டது. பழியை உன் மேல் தள்ளுகிறேன் என்று நினைக்காதே. எனக்குப் பத்தொன்பது வயது, அப்பா போய் ஒன்பது நாள். நீ என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கயிற்றை ஒரு கையால் தூக்கிப் பிடித்து 'குனிஞ்சு வா' என்றாய். காதை வைக்கச் சொல்லி, தண்ணி ஏறுற சத்தம் கேக்குதா என்றாய். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை அக்கா. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் கேக்குது என்றேன். அந்தப் பொய்யைத்தான் பதினாறு வருடம் கழித்து அச்சில் ஏற்றினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். இட்டுக்கட்டியது நான்தான். அப்படியே இருக்கட்டும்.

என்ன செய்யட்டும் என்று நீயே சொல். என்ன சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி


மார்ச் 10

கடிதம் கிடைத்தது. அன்றைக்கு நடந்ததைப் பற்றி இப்போது பேச எனக்கு நேரமில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். அன்றைக்கு எனக்கு லீவு. நீ வந்து கயிற்றுக்குப் பக்கத்தில் நில். புத்தகத்தோடு வருகிறவர்களிடம் உன் வாயால் சொல். காலை எட்டு மணியிலிருந்து கேட் சாத்துகிற வரைக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு வா.

காவலாளியிடம் சொல்லி வைக்கிறேன், பச்சைக் கோட்டு தருவார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதிக் கொட்டகையில் கத்தரிக்கோல் மாட்டும் ஆணியில் குத்திவிட்டுப் போ. என் வீட்டுக்கு வராதே. உன்னைப் பார்க்க இன்னும் தெம்பில்லை.

பெரியம்மாவைத் தொடாதே.

அக்கா


மார்ச் 24, ஞாயிறு, கொட்டகை

அக்கா,

நாலு மணி நேர பஸ். ஏழரைக்கே வந்துவிட்டேன்.

போட்டோவில் பார்த்தது வேறு, நேரில் பார்ப்பது வேறு. அந்த வழுவழுப்பைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'அம்மா சொன்ன தம்பி நீங்கதானா' என்று கேட்டுவிட்டு, மேலும் கீழும் பார்த்தார். 'புத்தகத்துல போட்டோவுல நல்லா உயரமா தெரிஞ்சீங்களே' என்றார். அதற்குப் பிறகு நாள் முழுக்க அவர் வேறொன்றும் கேட்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

முதலில் வந்தது ஒரு ஜோடி. கயிற்றில் கை வைத்ததும் போய் நின்றேன். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் மறந்துவிட்டது. கடைசியில், 'ஒண்ணும் கேக்காதுங்க. அத எழுதினது நான்தான். பொய்யா எழுதிட்டேன்' என்றேன். அந்தப் பையன் என்னையும் பின் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றான். நான் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை.

சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது பேரிடம் சொல்லியிருப்பேன். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர், இதுக்காகவே லீவு போட்டு வந்தேன் என்று சண்டைக்கு வந்தார். ஒரு பெரியவர் 212-ஆம் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினார். நீங்க சொன்னதை அப்படியே இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க, பேரன் நம்பமாட்டான் என்றார். 'இது பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே கூசியது.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, 'நான் போன வருஷம் கேட்டேங்க. நல்லாவே கேட்டுச்சு. நீங்க பொய்னு சொல்லிட்டா இல்லன்னு ஆயிடுமா?' என்றார். அவர் கயிற்றைத் தாண்டவில்லை. இந்தப் பக்கம் நின்றே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்ன உண்மையைவிட என் பொய்தான் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறும் வருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பி,

இதை ஆணியில் குத்தி வைக்காமல் தபாலில் அனுப்புகிறேன். கொட்டகைக்கு எல்லோரும் வருவார்கள். அதுவும் ஒரு சாக்குதான். உண்மையில், நீ படிக்கும்போது நான் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கேட்டதாகச் சொன்னார் என்றால், அவருக்கு அந்த நேரத்தில் அது தேவைப்பட்டிருக்கும். நமக்கும் அப்படித்தானே இருந்தது.

எனக்கு எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இல்லை. காதை வைத்தால் காற்றில் கிளை அசைகிற முனகல் கேட்கும், அவ்வளவுதான். நீ ஒன்பது நாளாக வாயே திறக்கவில்லை. சாப்பிடுகிறாயா என்றால் பதில் இல்லை. எனக்கு பயமாக இருந்தது. என்னிடம் அப்போது வேறு என்ன இருந்தது? உதவித் தோட்டக்காரி வேலை, ஒரு மரம். அதனால் கூட்டிக்கொண்டு போனேன், அதனால்தான் அந்தக் கதையைச் சொன்னேன். நீ கேக்குது என்றதும் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். தம்பி பேசிவிட்டான் என்ற சந்தோஷம். நீ எனக்காகப் பேசினாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. விசாரணையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'பணியாளர் எவரேனும் எவரையேனும் எப்போதாவது கயிற்றைத் தாண்ட அனுமதித்ததுண்டா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுத நான் யோசிக்கக்கூட இல்லை. உன் மேல் அவ்வளவு கோபம். எல்லாம் அவன் இட்டுக்கட்டியது என்று அடுத்த வரியில் எழுதினேன். ஆறு பேர் முன்னால் உன்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு, நான் நல்ல பெயரோடு வெளியே வந்தேன். நீ அதைத் தெரிந்துகொண்டும் 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுதினாய். அந்த வரியைப் படித்தபோதுதான் கூனிக் குறுகிப் போனேன். அதனால்தான் அன்றைக்கு நேரமில்லை என்று பத்து வரியில் முடித்தேன்.

புதன்கிழமை இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'பத்தொன்பது வருஷம் முன்னாடி, ஒரு பையன். இத நீங்க சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?' என்றார். 'அதுக்குத்தான் சார் சொல்றேன்' என்றேன். அவர் நல்ல மனிதர். ஆனாலும் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம், சும்மா விடமுடியாது. திங்கட்கிழமையிலிருந்து நான் நாற்றங்காலில். தொட்டியில் விதை ஊன்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். தலைமைப் பொறுப்பை என் கீழே இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரி, பெரியம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். பெரியம்மா பக்கம் எனக்கு இனிமேல் வேலை இல்லை.

காய்ந்த உச்சியை வெட்டி இறக்கிவிட்டார்கள். காற்றுக் குழாய் வைத்து வேரில் அடிபடாமல் மண்ணை ஊதிப் பொலபொலப்பாக்கி, மக்கிய இலையைப் போட்டிருக்கிறார்கள். வடக்குப் பக்கம் ஒரு கிளையில் தளிர் வந்திருக்கிறது. பிழைக்குமா என்று கேட்காதே. மரம் பதில் சொல்ல ஐந்து வருடம் எடுத்துக்கொள்ளும்.

அக்கா


ஏப்ரல் 14, ஞாயிறு

அக்கா,

ஏன் சொன்னாய்? பழியை நான் தூக்கிக்கொண்டுதானே இருந்தேன். நல்லபடியாகப் பழகிக்கூட விட்டது. ஏற்கனவே கெட்டுப்போன பெயர் என்னுடையது. உன்னுடையது அப்படியா? இன்றைக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் உன் பொறுப்புக்கு வந்த புது அம்மா நின்றார். அவரிடம் போய், எங்க அக்கா தப்பு பண்ணலைங்க என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரியும் சார், நீங்க போய் அந்தப் பக்கம் நில்லுங்க என்றார். நின்றேன்.

இரண்டாம் பதிப்புக்கு நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்க்காத முப்பத்தேழையும் எடுத்துவிட்டேன். பெரியம்மாவும் போக, அறுபத்திரண்டு இடங்கள். பதிப்பாளர் போனை வைத்துவிட்டார். பிறகு அவரே கூப்பிட்டு, கொஞ்சம் மெல்லிசான புத்தகமாகப் போட்டுத் தொலைக்கலாம் என்றார். கடைசிப் பக்கம் இப்படி வருகிறது:

'முதல் பதிப்பின் 212-ஆம் பக்கத்தை நம்பிக் கயிற்றைத் தாண்டியவர்களிடமும் அந்த மரத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தண்டில் காது வைத்தால் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்காது. நான் கேட்டதில்லை. அது எந்த மரம் என்று இந்தப் பதிப்பில் சொல்லப்போவதில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். நான் அந்தப் பக்கம் போனவன்.'

உன்னைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நன்றிப் பக்கத்தில் சேர்க்கவும் எனக்கு இப்போது தைரியம் இல்லை. சரியா என்று பார்த்துச் சொல்.

தம்பி


ஏப்ரல் 18

தம்பி,

பார்த்தேன். 'அந்த மரத்திடமும்' என்பதை எடுத்துவிடு. மன்னிப்பை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? அதற்கு மக்கிய இலைதான் வேண்டும். வருகிறபோது உங்கள் ஊரிலிருந்து ரெண்டு மூட்டை கொண்டு வா. பஸ்காரன் முறைப்பான், பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்று.

மற்றதெல்லாம் சரி. நன்றிப் பக்கத்தில் என்னைப் போடாதே. நாய் இருக்கட்டும்.

நாற்றங்கால் வேலை அவ்வளவு மோசமில்லை. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது, அவ்வளவுதான். பெரியம்மாவின் விதை போன வருடம் பொறுக்கி வைத்தது பதினொன்று இருந்தது. ஊன்றியிருக்கிறேன். முளைத்தால் சொல்கிறேன், எழுதிவிடாதே.

நாற்றங்காலிலும் ஞாயிறு லீவுதான். இந்த ஞாயிறு நானும் வருகிறேன், உன் கோட்டு மாதிரி ஒன்று எனக்கும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவை வேலையாகப் பார்க்கத்தான் எனக்கு உரிமை இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

அந்த அம்மா திரும்ப வந்து, எனக்குக் கேட்டுச்சு என்றால் எதிர்த்துப் பேசாதே. அவர் கேட்டதை நாம் யார் பிடுங்க. ஆனால் யாராவது என்னைப் பார்த்து, இத்தனை வருஷமா இங்க இருக்கீங்களே, உங்களுக்கு ஒரு நாளாவது கேட்டிருக்கா என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்கமாட்டார்கள். படிவத்தில் யோசிக்காமல் எழுதிய 'இல்லை' மாதிரி இந்த 'இல்லை' சுலபமாக வரமாட்டேன் என்கிறது. இரண்டு நாளாகத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீ முதலில் சொல். நான் உன் பக்கத்தில் நின்று, உனக்குப் பிறகு சொல்கிறேன்.

அக்கா